வகுப்பு நேரத்தில் அழைப்பது யார்?

பிள்ளைகளின் தடுப்பூசி அட்டை பற்றி இம்முறை எழுதுவதாகச் சென்ற இதழில் சொல்லியிருந்தோம். அதற்கிடையில் வேறொரு விடயம் எம்மிடம் வந்து சேர்ந்துவிட்டது. தடுப்பூசியைப் பின்போட்டுவிட்டு இதனை எழுதுகிறோம். வாசகர்கள் பொறுத்துக்கொள்வார்கள் என நம்புகிறோம்.

கடந்த மாரியில் ஒரு சனிக்கிழமை. தமிழ் வகுப்பு முடிந்து பிள்ளைகளைக் கூட்டிச்செல்ல வந்த பெற்றோரில் ஒரு தாய் எம்மைத் தேடி வந்தார். கனடாவுக்கு வந்து ஒன்றரை ஆண்டு. அகதி வழக்கு இன்னும் முடியவில்லை. கையில் ஒரு கடிதம். எட்டாம் வகுப்பில் படிக்கும் மகனின் கைத்தொலைபேசியை மூன்றாவது தடவையாக வாங்கி வைத்திருப்பதாகவும், பெற்றோர் நேரில் வரவேண்டும் எனவும் பாடசாலை அனுப்பிய கடிதம் அது.

"அக்கா, இரவு வேலை செய்து உழைச்ச காசிலை வாங்கிக் குடுத்த போன். அதைப் பறிச்சு வைச்சிருக்கினம். எங்கட பிள்ளையள் எண்டபடியால்தானே இப்பிடிச் செய்யினம்?" என்றார். குரலில் கோபம் இருந்தது. சற்று நேரத்தில் அது பயமாக மாறியது. "பிள்ளையின்ரை பேரிலை பைல் ஏதும் திறப்பினமோ? எங்கட கேஸுக்கு ஏதும் பிழைக்குமோ?"

எம்மில் ஒருவர் திங்கட்கிழமை அவருடன் பாடசாலைக்குப் போனார். உப அதிபர் மரியாதையாகவே பேசினார். மூன்று தடவையும் எந்தத் திகதியில், எத்தனை மணிக்கு, எந்தப் பாட வேளையில் தொலைபேசி ஒலித்தது என்று குறித்து வைத்திருந்தார். பையன் தலையைக் குனிந்தபடி இருந்தான். ஒவ்வொரு முறையும் ரீச்சர் கேட்டபோது "ஒன்றுமில்லை, நண்பன்" என்றே சொல்லியிருக்கிறான்.

தாய் தன்னுடைய தொலைபேசியை எடுத்து அந்தத் திகதிகளைத் தேடிப்பார்த்தார். மூன்று அழைப்பும் அவருடையவை. முதலாவது, மருந்துக்கடையில் இருந்து யாரோ ஆங்கிலத்தில் பேசியதற்கு. இரண்டாவது, வாடகை பற்றிக் கதவில் ஒட்டியிருந்த கடிதத்தைப் படம் எடுத்து அனுப்பி அர்த்தம் கேட்பதற்கு. மூன்றாவது, வேலைத்தலத்தில் மேற்பார்வையாளர் நேரத்தை மாற்றிச் சொன்னது விளங்காமல், அவரையே மகனுடன் பேசவைப்பதற்கு.

வெளியே வந்த பின்னர், ஏன் ரீச்சரிடம் உண்மையைச் சொல்லவில்லை என்று பையனைக் கேட்டோம். "அம்மாவுக்கு இங்கிலிஸ் தெரியாதெண்டு நான் ஏன் எல்லாருக்கும் முன்னாலை சொல்லவேணும்?" என்றான்.

இதை எழுதுவதற்கு அந்தத் தாயின் அனுமதியைப் பெற்றுள்ளோம். குடும்பம் அடையாளம் தெரியாதபடி சில விபரங்களை மாற்றியிருக்கிறோம். முதலில் அவருடைய பயத்திற்குப் பதில் சொல்லிவிடுவோம். ஏனெனில் இதே பயம் வேறு பலருக்கும் உண்டு. வகுப்பில் தொலைபேசி வைத்திருந்தது பாடசாலையின் ஒழுங்கு சம்பந்தமான விடயம். அகதி வழக்குக்கும் அதற்கும் தொடர்பில்லை. பெற்றோரின் குடிவரவு நிலை எதுவாக இருந்தாலும் அதனைக் காரணம் காட்டிப் பிள்ளையைப் பாடசாலையில் சேர்க்க மறுக்கமுடியாது என்று ஒன்ராறியோவின் கல்விச் சட்டமே சொல்கிறது. எங்களுடைய பிள்ளைகள் என்பதால் செய்கிறார்கள் என்பதும் இந்த விடயத்தில் சரியல்ல. விதி எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒன்றுதான்.

அந்த விதி என்ன? 2019 நவம்பரிலேயே ஒன்ராறியோவில் வகுப்பு நேரத்தில் கைத்தொலைபேசிக்குக் கட்டுப்பாடு வந்துவிட்டது. ஆனால் அது பெரும்பாலும் கடதாசியில்தான் இருந்தது. 2024 ஏப்ரலில் மாகாண அரசு அதனை இறுக்கியது. 2024 செப்ரெம்பர் முதல், பாலர் வகுப்பிலிருந்து 6ஆம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகளின் தொலைபேசி பாடசாலை நாள் முழுவதும் ஒலி அடக்கப்பட்டுக் கண்ணில் படாமல் இருக்கவேண்டும். 7 முதல் 12 வரை உள்ளவர்கள் வகுப்பு நேரத்தில் அதனைப் பாவிக்கக் கூடாது. ஆசிரியர் கண்டால் வாங்கி, வகுப்பில் அதற்கென உள்ள இடத்தில் வைப்பார். கொடுக்க மறுத்தால் பிள்ளை அதிபரிடம் அனுப்பப்படும். பெற்றோருக்கும் அறிவிப்பார்கள். பாடசாலையின் கணனிகளிலும் இணைய இணைப்பிலும் இன்ஸ்ரகிராம், ரிக்ரொக், ஸ்னப்சற் போன்ற சமூக வலைத்தளங்கள் நிறுத்தப்பட்டுள்ளன. வகுப்பில் பிள்ளையின் கவனம் சிதறுவது பற்றித் தேர்ச்சி அறிக்கையிலும் குறிப்பு எழுதலாம். திரும்பத் திரும்ப நடந்தால் என்ன நடவடிக்கை என்பது கல்விச் சபைக்குச் சபை வேறுபடும்.

மொன்றியலில் உள்ள வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. கியூபெக்கில் விதி இதைவிடக் கடுமை. 2023 முடிவில் வகுப்பறையில் தடை வந்தது. 2025 இலையுதிர் காலப் பாடசாலைத் தொடக்கத்திலிருந்து உயர்பாடசாலை உட்பட, முதல் மணியில் இருந்து கடைசி மணி வரை பாடசாலை வளவுக்குள்ளேயே தொலைபேசி பாவிக்க முடியாது.

இதெல்லாம் தேவைதானா என்று கேட்கும் பெற்றோரும் உண்டு. "எங்கட பிள்ளை கெட்டிக்காரன், போனும் பாப்பான், படிப்பும் படிப்பான்" என்பார்கள். உலக நாடுகளின் 15 வயது மாணவர்களைச் சோதிக்கும் பீசா என்ற தேர்வு 2022இல் நடைபெற்றது. அதை நடத்திய ஓ.ஈ.சி.டி அமைப்பின் நாடுகளில், சில கணித வகுப்புகளிலாவது தம் கையில் இருந்த கருவியால் கவனம் சிதறியது என்று நூற்றுக்கு 65 மாணவர் சொன்னார்கள். பக்கத்தில் இருந்தவரின் கருவியால் சிதறியது என்று சொன்னவர்கள் நூற்றுக்கு 59. இந்த இரண்டாவது எண்ணிக்கையைத்தான் நாம் கவனிக்கவேண்டும். கெட்டிக்காரப் பிள்ளையும் பக்கத்து மேசையில் ஓடும் படத்தைப் பார்க்கத்தான் செய்யும். ஒருமுறை சிதறிய கவனம் பாடத்துக்குத் திரும்ப 20 நிமிடம் வரை எடுக்கலாம் என்று யுனெஸ்கோவின் 2023ஆம் ஆண்டுக் கல்வி அறிக்கை கூறுகிறது.

அந்த 20 நிமிடத்தை அந்தத் தாயின் மூன்று அழைப்புகளோடு சேர்த்து எண்ணிப்பாருங்கள். மருந்துக்கடை அழைப்பு இரண்டு நிமிடம்தான். ஆனால் பையன் அன்றைய கணிதப் பாடத்தில் அரைவாசியை இழந்திருக்கக் கூடும். வாடகைக் கடிதம் வந்த அன்று அவன் பாடத்தை மட்டுமா இழந்தான்? வீட்டை விட்டு எழுப்பிவிடுவார்களோ என்ற கவலையையும் சேர்த்துச் சுமந்துகொண்டல்லவா மூன்றரை மணிவரை அந்தக் கதிரையில் இருந்திருப்பான்?

எமது வீடுகளில் கைத்தொலைபேசி விளையாட்டுப் பொருள் மட்டும் அல்ல. வந்து ஆறு மாதத்தில் பிள்ளை ஆங்கிலம் பேசத் தொடங்கிவிடுகிறது. அன்றிலிருந்து அதுவே குடும்பத்தின் மொழிபெயர்ப்பாளர், எழுதுவினைஞர், சிலவேளை சட்டத்தரணியும்கூட. வங்கி, வைத்தியர், வீட்டுச் சொந்தக்காரர் எல்லோரிடமும் பேசுவது பதின்மூன்று வயதுப் பிள்ளை. நாம் வேறு வழியில்லாமல் செய்தோம். எம்மில் பலர் ஆரம்ப காலத்தில் செய்ததுதான், ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை. ஒரு குடும்பத்தில் பாடசாலை தொடர்புகொள்ள வேண்டிய இலக்கமாகப் பிள்ளையின் சொந்தக் கைத்தொலைபேசி இலக்கத்தையே படிவத்தில் எழுதியிருந்தார்கள். "இங்கிலிசிலை கதைப்பினம், அவள்தானே விளங்கிச் சொல்லவேணும்" என்பது அவர்கள் சொன்ன நியாயம். பிள்ளை வகுப்புக்கு வரவில்லை என்று பாடசாலை அறிவித்தால், அந்த அறிவித்தல் வராத பிள்ளைக்கே போய்ச் சேரும்!

ஆகவே பாடசாலை நேரத்தில் பிள்ளையை அழைப்பதை நாம் நிறுத்தவேண்டும். நிறுத்துங்கள் என்று எழுதுவது எமக்கு இலகு. அழைக்காமல் எப்படிச் சமாளிப்பது என்பதையும் சொல்லாவிட்டால் எழுதிப் பயனில்லை.

பிள்ளைக்குச் செய்தி சொல்லவேண்டுமானால் பாடசாலையின் அலுவலகத்தை அழையுங்கள். அங்குள்ளவர் வகுப்புக்குச் செய்தி அனுப்புவார். ஆங்கிலம் வராதே என்று தயங்கவேண்டாம். பிள்ளையின் முழுப்பெயர், வகுப்பு, ஆசிரியரின் பெயர், உங்கள் பெயர் ஆகியவற்றை ஒரு துண்டில் எழுதித் தொலைபேசிக்குப் பக்கத்தில் ஒட்டிவையுங்கள். அதை வாசித்தாலே போதும், பாதி வேலை முடிந்துவிடும். பாடசாலையின் இலக்கத்தை உங்கள் தொலைபேசியில் தமிழில் பெயர் போட்டுச் சேமியுங்கள். பிள்ளை வராத நாட்களில் இயந்திரக் குரலில் ஆங்கில அழைப்பு வரும் பாடசாலைகள் உண்டு. ஏதோ விளம்பரம் என்று நினைத்து அதை வெட்டிவிட்ட பெற்றோர் எத்தனையோ பேர்.

மற்ற அலுவல்களுக்குப் பிள்ளை தேவையில்லை. ஒன்ராறியோவில் 211 என்ற இலக்கத்தை அழைத்து "தமிழ்" என்று சொன்னால் மொழிபெயர்ப்பாளர் ஒருவரை இணைத்து, வாடகை, உணவு, சட்ட உதவி போன்றவற்றுக்கு எங்கே போகவேண்டும் என்று சொல்வார்கள். உடல்நலம் பற்றிய கேள்விகளுக்கு 811. இரண்டும் இலவசம். பல பாடசாலைகளில் புதிதாக வந்த குடும்பங்களுக்கு உதவுவதற்கென்றே குடியமர்வு உத்தியோகத்தர் இருக்கிறார். இவர் பாடசாலை ஊழியர் அல்ல. அதிபருக்குக் கீழ் வேலை செய்பவரும் அல்ல. சில இடங்களில் தமிழ் பேசுபவராகவும் இருப்பார். எந்த நாளில் வருவார் என்று அலுவலகத்தில் கேளுங்கள். ஆசிரியரைச் சந்திக்கும் நாளுக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றால் முன்கூட்டியே கேட்கவேண்டும். அன்று காலையில் கேட்டால் கிடைக்காது. பிள்ளையையே மொழிபெயர்க்க வைப்பதை மட்டும் தவிருங்கள். ஆசிரியர் "பாடத்தில் கவனம் இல்லை" என்று சொல்வதைப் பிள்ளை "வலு கெட்டிக்காரன் எண்டு சொல்லுறா" என்று மொழிபெயர்த்த கதை எம்மிடையே பலருக்கும் தெரிந்ததே.

இப்போது இன்னொரு பக்கம். புதிதாக வந்த பிள்ளைக்குத் தொலைபேசி உண்மையாகவே படிப்புக்குத் தேவைப்படும் சந்தர்ப்பம் உண்டு. ஒன்பதாம் வகுப்பில் விஞ்ஞானப் பாடம் நடக்கிறது. ஒரு சொல் விளங்கவில்லை. மேசைக்கடியில் தொலைபேசியை வைத்துக் கூகிளில் தமிழ் அர்த்தம் தேடுகிறது பிள்ளை. ஆசிரியர் காண்பது தொலைபேசியை மட்டுமே. பிள்ளைக்கு விளக்கம் சொல்ல ஆங்கிலம் போதாது. இப்படிக் குற்றவாளியாகிப்போன பிள்ளைகள் இருக்கிறார்கள். விதியில் இதற்கு இடம் இருக்கிறது. ஆசிரியர் படிப்புக்காக அனுமதிக்கலாம். விசேட கல்வித் தேவைக்கும் மருத்துவத் தேவைக்கும் விலக்கு உண்டு. நீரிழிவு உள்ள பிள்ளை சீனி அளவைத் தொலைபேசியில் பார்க்கவேண்டியிருந்தால் அதைத் தடுக்கமாட்டார்கள். ஆனால் எதற்கும் முதலே கேட்டு அனுமதி பெறவேண்டும். பிடிபட்ட பின் சொல்லும் காரணம் சாட்டாகவே தெரியும். பிள்ளையின் ஆங்கில மொழி வகுப்பு ஆசிரியரிடம் கேட்டால் மற்ற ஆசிரியர்களுக்கும் அவரே சொல்லிவிடுவார். ஒரு லிப்கோ அகராதியைப் புத்தகப் பையில் போட்டுவிடுவதும் மோசமான யோசனை அல்ல. கனமாக இருக்கிறது என்று பிள்ளை முணுமுணுக்கும். முணுமுணுக்கட்டும். அதில் ரிக்ரொக் வராது.

சிலர் எம்மிடம் வேறொன்று சொன்னார்கள். "பிள்ளையின்ரை கையிலை போன் இல்லாட்டி எனக்கு நெஞ்சு அடைக்கும்" என்று. இதை நாம் சிரித்துத் தள்ளமாட்டோம். பாடசாலைக்குப் போன பிள்ளை வீடு திரும்புமா என்று வாசலில் நின்று பார்த்த நாட்டில் இருந்து வந்தவர்கள் நாம். பாடசாலைகள் மீது குண்டு விழுந்ததைக் கண்டவர்களும் எம்மிடையே இருக்கிறார்கள். அந்தப் பயம் விமானத்தில் ஏறியவுடன் இறங்கிப் போய்விடாது.

ஆனால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். இங்கு பாடசாலைகள் ஆண்டுக்குக் குறைந்தது இரண்டு தடவை 'லொக்டவுண்' பயிற்சி செய்யவேண்டும். கொரோனாக் கால முடக்கத்தை நினைக்கவேண்டாம், இது வேறு. ஆபத்தானவர் ஒருவர் பாடசாலைக்குள் புகுந்தால் கதவைப் பூட்டி, விளக்கை அணைத்து, ஒலி எழுப்பாமல் இருப்பதற்கான பயிற்சி. இது பற்றிய கடிதம் வந்தால் பதறவேண்டாம். உண்மையாகவே அப்படி ஒரு நாள் வந்தால், இருட்டறையில் ஒளிந்திருக்கும் பிள்ளையின் தொலைபேசி ஒலிப்பது பிள்ளைக்கே ஆபத்து. எவ்வளவு துடித்தாலும் அழைக்காமல் இருப்பதே அந்த நேரத்தில் பெற்றோர் செய்யக்கூடிய உதவி.

சமூக வலைத்தளம் பற்றிச் சுருக்கமாகச் சொல்வோம். பாடசாலையின் இணைய இணைப்பில் அதனை நிறுத்தினாலும், பிள்ளையின் தொலைபேசியில் டேற்றா இருந்தால் மதிய இடைவேளையில் எல்லாம் திறக்கும். அதற்குப் பணம் கட்டுவது நாம். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு மாதாந்த டேற்றா எதற்கு? பேசவும் செய்தி அனுப்பவும் மட்டும் வசதி உள்ள இணைப்பு மலிவு, அதுவே போதும். இந்தத் தளங்கள் தாமாகவே 13 வயதுக்குக் குறைந்தவர்களுக்குக் கணக்குக் கொடுப்பதில்லை என்று விதி வைத்துள்ளன. பத்து வயதுப் பிள்ளை கணக்கு வைத்திருந்தால் பிறந்த ஆண்டைப் பொய்யாகக் கொடுத்திருக்கிறது என்பதே பொருள். அவுஸ்திரேலியாவில் 2025 டிசெம்பர் 10 முதல் 16 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் கணக்கு வைத்திருக்க அந்த நிறுவனங்கள் இடமளிக்கக் கூடாது என்று சட்டமே வந்துவிட்டது. இங்கு ரொறன்ரோவின் இரண்டு கல்விச் சபைகளும், பீல், ஒட்டாவா-கார்ல்ற்ரன் சபைகளும் 2024 மார்ச்சில் இன்ஸ்ரகிராம், ஸ்னப்சற், ரிக்ரொக் நிறுவனங்கள் மீது 400 கோடி டொலருக்கு மேல் கேட்டு வழக்குத் தொடுத்தன. பிள்ளைகள் விட்டுவிலக முடியாதபடி இவற்றை அமைத்திருக்கிறார்கள், அதனால் வரும் செலவைப் பாடசாலைகள் சுமக்கின்றன என்பது சபைகளின் வாதம். வளர்ந்த எம்மையே இரவு பன்னிரண்டு மணிவரை யூரியூப் இருத்தி வைத்திருக்கிறது. பிள்ளையிடம் மட்டும் மனக்கட்டுப்பாட்டை எதிர்பார்ப்பது எந்த ஊர் நியாயம்?

பாடசாலை விதி எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்றும் நாம் சொல்லவில்லை. இங்கிலாந்தில் பேர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தினர் 30 பாடசாலைகளில் 1,227 மாணவர்களை ஆராய்ந்து 2025இல் முடிவை வெளியிட்டார்கள். தடை உள்ள பாடசாலைப் பிள்ளைகளுக்கும் தடை இல்லாத பாடசாலைப் பிள்ளைகளுக்கும் மனநலத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. ஒரு நாளில் அவர்கள் தொலைபேசியோடு செலவிடும் மொத்த நேரத்திலும் பெரிய வேறுபாடு இல்லை. பாடசாலையில் மிச்சப்பட்ட நேரம் வீட்டில் போய்ச் சேர்ந்துவிடுகிறது. அதேவேளை, மொத்த நேரம் கூடக்கூடப் பிள்ளையின் நித்திரையும் மனநிலையும் படிப்பும் மோசமாக இருந்ததையும் அவர்கள் கண்டார்கள்.

தாய் இரவு வேலை, தகப்பன் மாலை வேலை என்று இருக்கும் வீட்டில் மூன்றரை மணிக்குப் பிறகு பிள்ளையைப் பார்ப்பது யார்? இதற்கு எம்மிடம் முழுமையான பதில் இல்லை. ஒரு குடும்பம் செய்வதைச் சொல்கிறோம். இரவு ஒன்பது மணிக்கு வீட்டில் உள்ள எல்லாத் தொலைபேசிகளும், தகப்பனுடையது உட்பட, குசினியில் உள்ள ஒரு பழைய பிஸ்கற் ரின்னுக்குள் போகவேண்டும். வேலைக்குப் போன தாயின் அழைப்பு வந்தால் மட்டும் ரின் திறக்கப்படும். முதல் கிழமை தகப்பன்தான் இரண்டு முறை விதியை மீறினார் என்று பிள்ளைகள் எமக்குச் சொன்னார்கள்.

சென்ற மாதம் அந்தத் தாயைக் கடையில் கண்டோம். குடியமர்வு உத்தியோகத்தர் மூலமாக மாலை நேர ஆங்கில வகுப்பில் சேர்ந்திருக்கிறார். மருந்துக்கடைக்குத் தானே பேசினாராம். "இரண்டு தரம் திருப்பிச் சொல்லச் சொன்னனான், அக்கா. அவை ஒண்டும் கோவிக்கேல்லை" என்றார். மகன் பக்கத்தில் மரக்கறிப் பையைத் தூக்கிக்கொண்டு நின்றான். மேற்பார்வையாளர் நேரம் மாற்றினால் இப்போது என்ன செய்வீர்கள் என்று கேட்டோம். எழுதித் தரச் சொல்லி வாங்கி, பின்னேரம் மகன் வந்த பிறகு பார்ப்பாராம்.

தடுப்பூசி அட்டை பற்றி அடுத்த இதழில் கட்டாயம் எழுதுவோம். ஊரில் இருந்து அட்டை கொண்டுவராதவர்கள் அதற்குள் குடும்ப வைத்தியரிடம் பேசி வைப்பது நல்லது.